அப்பாவின் பொங்கலும் என் நத்தாரும்

என் அன்பு மகனுக்கு,

நீ வீட்டை விட்டுப் போய் ஆறு ஞாயிறு கழிந்துவிட்டது. தெஹிவளையில் கூட்டாளி ஒருவனோடு அறை எடுத்திருக்கிறாய், சாப்பாடு கடையில், சட்டை தோய்ப்பது உன் கையால் என்று கோவிலடியில் ஒருத்தி சொல்லித்தான் அறிந்தேன். இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உன்னை ஏசியிருந்தேன். ஒன்றில் எழுத்தைவிடக் கண்ணீர்தான் கூட. மற்றதில் வேதாகமத்திலிருந்து நிறைய எடுத்து எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்தால் சுவாமியார் எழுதினது போல இருந்தது, உன் அம்மா எழுதினது போல இல்லை. இதை மத்தியானச் சோறு முடித்து, முன் விறாந்தை மேசையில் வைத்து எழுதுகிறேன். தபால்காரன் நாலு மணிக்கு வருவான். அதற்குள் முடியாவிட்டால் நாளைக்கு வரட்டும். இந்த முறை கிழிக்கமாட்டேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் என் வாயால் ஒருமுறை சொல்லவேண்டும். பூசை முடிந்து வந்து அப்பமும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சரோஜினியைக் கட்டப்போகிறேன், அவள் சைவமாகவே இருப்பாள், நான் வேதக்காரனாகவே இருப்பேன், பதிவு மட்டும்தான் என்று நீ சொன்னாய். நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பிள்ளை ஞானஸ்நானம் எடுக்கட்டும். உன்ரை கொப்பர் எடுக்கேல்லையே? என்ன குறைஞ்சு போனார்?" என்று கேட்டேன். நீ குரலை உயர்த்தவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து நின்று, "அப்பாட்டை நீங்கள் கேட்டதை நான் அவளிட்டைக் கேக்கமாட்டன், அம்மா," என்றாய். அன்று பின்னேரமே பெட்டியோடு போய்விட்டாய்.

உன் வயதுப் பிள்ளைகள் தாயிடம் சொல்லும் எத்தனையோ சொல்லை நான் கேட்டிருக்கிறேன். அவற்றை அன்றிரவே மறந்துவிடலாம். இது மறக்கிற சொல்லாக இல்லை, ஏனென்றால் அது உண்மை. ஆனால் நீ அறிந்தது பாதி. மற்றப் பாதியைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொன்னால் நீ என்னை மன்னித்துவிடுவாய் என்பதற்காக இப்போது எழுதவில்லை. புது வீடு கட்டி அதில் நல்ல நாள் பெருநாள் கொண்டாடப் போகிறவன் நீ. என்னுடைய வீட்டில் அவை எப்படிக் கொண்டாடப்பட்டன, அதில் யாருக்கு என்ன வலித்தது என்று தெரிந்திருந்தால் உனக்கு உதவும்.

உன் அப்பாவை நான் முதலில் கண்டது ஒரு நத்தார் அன்று, பாலன் பிறந்த நாளில். என் அப்பாவும் அவரும் துறைமுகக் கந்தோரில் ஒரே மேசைக் கிளாக்கர்மார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் தனியறையில் இருந்த பொடியன், நல்ல நாளில் கடைச் சோறு தின்னக்கூடாது என்று என் அப்பா கூட்டிவந்தார். ரவையும் கஜுவும் போட்ட எங்கள் வீட்டுக் கேக்கில் மூன்று துண்டு தின்றார். நாலாவதுக்குக் கை நீட்டும்போது நான் கண்டுவிட்டேன், கையை இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான் எங்கள் காதல். இரண்டு வருஷம் கழித்து என் வீட்டார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். அவர் வேதத்தில் சேர்ந்தார். ஞானஸ்நானத்தில் யோசேப்பு என்று பெயர் கிடைத்தது. அவருடைய ஊரிலிருந்து ஒருவரும் கலியாணத்துக்கு வரவில்லை. அவர் எழுதிய கடிதங்கள் உடைக்கப்படாமல் திரும்பி வந்தன. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எனக்காகத்தானே விட்டார் என்று உள்ளூரப் பெருமைகூட இருந்தது. எதை விட்டார் என்று கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

பிறகு எங்கள் வீட்டில் வருஷம் எப்படி ஓடியது என்று உனக்குத் தெரியும். மார்கழி பிறந்தால் கேக்குக்குப் பூசணி வெட்டிப் பாகில் போடுவது, கொக்கிஸ் பலகாரம் சுடும் அச்சைத் தேடுவது, அயலுக்கெல்லாம் கைவேலைத் துணி மூடிய தட்டு அனுப்புவது. தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைக் கஞ்சி. பெரிய வெள்ளியன்று கண்ணாடி பார்க்கக்கூடாது என்பது என் அம்மாவின் சட்டம். அதைக்கூட விடாமல் வைத்திருந்தேன். எல்லாம் என் பிறந்த வீட்டிலிருந்து வந்தவை. அவற்றில் உன் அப்பாவுக்குக் கிடைத்த வேலை பாலன் கூடு கட்டுவது. பழைய பேப்பரைக் கஞ்சியில் நனைத்து மலை செய்வார், கரித்தூள் பூசிக் குழந்தை இயேசு கிடக்கக் குகை செய்வார். பத்து நாளைக்கு முன்பே மீன் தகரங்களில் நெல் விதைத்து, பாலன் பிறக்கும் நாளில் நாலு விரல் உயரத்துக்குப் பச்சையாக நிற்கச் செய்வார். தெருவிலிருந்த அத்தனை வீட்டிலும் எங்கள் வீட்டுக் கூட்டில்தான் வயல் இருந்தது. "உன்ரை மனுசன் பிறவி வேதக்காரரையும் வெண்டிட்டார்" என்று எல்லாரும் சொன்னார்கள். வயல்காரன் மகன் தகரத்தில் நெல் வளர்க்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை.

தைப்பொங்கலன்று அவர் விடியமுன் எழும்பித் தலை முழுகுவார். "கப்பல் வந்திருக்கு, இண்டைக்கு நேரத்தோடை போகவேணும்" என்று சொல்லி, வெளிச்சம் வரமுன் போய்விடுவார். பின்னேரம் திரும்பி வருவார். பதினொரு வருஷம் ஒவ்வொரு தையிலும் அதே நாளில் கப்பல் வந்தது. நானும் பதினொரு வருஷம் நம்பினேன்.

பதினோராவது பொங்கலன்று உனக்கு ஒன்பது வயது. என் சித்தியின் மகள் வெள்ளவத்தையில் பிள்ளை பெற்றாள் என்று முதல்நாள் பின்னேரம் ஆள் வந்து சொல்லியிருந்தான். நானும் நீயும் விடியற்காலையில் கோட்டையிலிருந்து முதல் ரயில் எடுத்துப் போனோம். உனக்கு ஞாபகம் இருக்கும். கடலைப் பார்த்தபடி வந்தாய். ஸ்டேஷனில் இறங்கி ஒழுங்கையால் நடந்தபோது ஒவ்வொரு முற்றத்திலும் புகை எழும்பிக்கொண்டிருந்தது. நீ என் கையை விட்டுவிட்டு ஒரு தகரப் படலைக்கு முன்னால் நின்றாய். "அம்மா, அப்பா!" என்றாய்.

நான் படலை இடுக்கால் பார்த்தேன். மாக்கோலத்துக்கு நடுவில் மூன்று கல், மேலே புதுப் பானை. உன் அப்பா வேட்டியை மடித்துக்கட்டி, குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். அது அவருடைய கந்தோர்க் கூட்டாளியின் வீடு. கூட்டாளியின் மனைவி, "சிவமண்ணை, பொங்கப்போகுது, அரிசியைப் போடுங்கோ!" என்று கூப்பிட்டாள். சிவம் என்பது அவருடைய பழைய பெயர். பதினொரு வருஷத்தில் அந்தப் பெயரை ஒருவர் வாயால் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தரம். அவர் கையில் அரிசி அள்ளினார். அதற்குள் பால் பொங்கி வழிந்து அவர் காலடிக்கு வந்தது. துள்ளி விலகிக்கொண்டு சிரித்தார் பார், வாய்விட்டு, தோள் குலுங்க, பள்ளிக்கூடப் பிள்ளைபோல. கூட்டாளி வீட்டார் எல்லாரும் திருநீறு பூசியிருந்தார்கள். உன் அப்பாவின் நெற்றியில் ஒன்றும் இல்லை. அதையும் நான் கண்டேன். கண்டும், எனக்குக் கொடுத்த வாக்கை அந்த முற்றத்தில் வைத்தும் அவர் காப்பாற்றுகிறார் என்று என் புத்திக்கு எட்டவில்லை. அந்தச் சிரிப்புத்தான் என்னைச் சுட்டது. உன்னை இழுத்துக்கொண்டு நடந்தேன். திரும்பும் ரயிலில் நீ கேட்டாய்: "அப்பா ஏன் எங்கட வீட்டிலை உப்பிடிச் சிரிக்கிறேல்லை?" நான் உன் தொடையில் கிள்ளினேன். அதற்கு மன்னிப்புக் கேட்க இத்தனை வருஷம் எடுத்திருக்கிறது.

பின்னேரம் அவர் வந்தார். சட்டையைக் கழற்றிக் கொழுவினார். நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "கப்பலுக்கு என்ன பேர்?" என்று கேட்டேன். அவர் ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பெயரைச் சொன்னார். மூலையில் படித்துக்கொண்டிருந்த நீ தலையை நிமிர்த்தி, "நீங்கள் பொங்கினதைக் கண்டனாங்கள், அப்பா," என்றாய். அவருடைய முகத்தை நீ மறந்திருக்கமாட்டாய். களவு பிடிபட்டவனின் முகம் அல்ல அது; பிள்ளையின் முன்னால் பொய்யனாகிப்போன தகப்பனின் முகம். "ஒண்டும் கும்பிடேல்லையப்பா. சோறுதான் பொங்கினனான்," என்று மெல்லச் சொன்னார். எனக்குச் சொல்லவில்லை, உனக்குச் சொன்னார்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. என்னை ஏமாற்றினது, ஊர் அறிந்தால் மானம் போகும், பிள்ளைக்கு என்ன முன்மாதிரி என்று அவ்வளவையும் கொட்டினேன். கடைசியில் அவரைத் திரு இருதயப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, இனி அந்த வீட்டுக்குப் பொங்கலுக்குப் போகமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். அவர் சத்தியம் செய்தார். நீ கதவடியில் நின்று பார்த்தாய்.

அதற்குப் பிறகு பத்துத் தை வந்தது. அவர் சத்தியத்தைக் காப்பாற்றினார். பொங்கலன்று லீவு எடுத்து, விறாந்தையில் பேப்பரோடு இருப்பார். காலையில் விரித்த பக்கத்தை மத்தியானம்வரை திருப்பமாட்டார். என்னோடு கோபமில்லை, முகச்சுளிப்பு இல்லை. மார்கழியில் பாலன் கூட்டுக்கு நெல் விதைத்தார். நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். நீ அந்த விறாந்தையைப் பார்த்து வளர்ந்தாய். பத்தொன்பது வயதில் ரெயில்வேயில் வேலை கிடைத்துப் பதுளைக்குப் போனாய். நீ கண்டது அவ்வளவு. இனிச் சொல்லப்போவது நீ இல்லாதபோது நடந்தது.

யுத்தகாலத்தில், இயேசு உயிர்த்த பாஸ்கு ஞாயிறு அன்று ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டானே, அன்றைக்கு உன் அப்பாவுக்குத் துறைமுகத்தில் காலை முறை. நான் பூசைக்குப் போய் வந்து, அவர் வந்ததும் சாப்பிட முட்டை அவித்துக்கொண்டிருந்தேன். பீரங்கிச் சத்தம் கேட்டது. அலுமாரியில் கோப்பைகள் கிடுகிடுத்தன. துறைமுகப் பக்கம் கறுப்புப் புகை எழும்பியது. தெருவில் சனம் பாயும் சட்டியுமாக ஓடியது. என்னையும் வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்பது மணியானது, பதினொன்றானது, ஒரு மணியானது. அவர் செத்துப்போயிருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். சேமக்காலையில் புதைத்து, சிலுவையில் யோசேப்பு என்று எழுதுவிப்பேன். அப்போது அந்த மற்ற மனுஷன், சிவம், அவனை எங்கே புதைப்பது? அவனைத்தான் நான் பத்து வருஷத்துக்கு முன்பே வீட்டுக்குள் வைத்துப் புதைத்துவிட்டேனே. இந்த எண்ணம் வந்ததும் படலையடியிலேயே இருந்துவிட்டேன்.

இரண்டு மணிக்குப் பிறகு நடந்து வந்தார். சட்டை முழுக்கக் கரி. ஒரு கால் சப்பாத்தைக் காணோம். குடையை மட்டும் விடவில்லை. என்னைக் கண்டு, "ஏன் வெயிலுக்கை இருக்கிறீர்? தேத்தண்ணி கிடக்கே?" என்று கேட்டார். எவ்வளவோ சொல்லவேண்டும் என்று வாய் திறந்தேன். "முட்டை ஆறிப்போச்சு" என்றுதான் வந்தது.

சொல்லத் தெரியாததைச் செய்துகாட்ட எனக்கு ஒன்பது மாதம் எடுத்தது. அடுத்த தைக்கு இரண்டு நாள் இருக்கும்போது செட்டியார் தெருவுக்குப் போய்ப் புதுப் பானை கேட்டேன். கடைக்காரர் என் கழுத்திலிருந்த சிலுவையைப் பார்த்தார். "அம்மா வேதக்காரரெல்லோ?" என்றார். "ஓம். பானைக்கு என்ன வேதம்?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு நல்ல பானையாகத் தட்டிப் பார்த்துத் தந்தார். கூப்பன் அரிசியில் நல்லதைப் பொறுக்கி வைத்தேன். சர்க்கரை கிடைக்கவில்லை, அயலவள் ஒரு துண்டுப் பனங்கட்டி தந்தாள்.

பொங்கலன்று அவர் எழும்பமுன் குசினிக்குள் போய், ஜன்னலைச் சாத்திவிட்டு அடுப்பை மூட்டினேன். சாத்தினது ஏன் என்று நீ கேட்பாய். அயலுக்குத் தெரியாமல் செய்யவேண்டும் என்றுதான். அந்த அளவுக்குத்தான் அப்போது எனக்குத் தைரியம். அடிப்பிடிக்கிற மணத்துக்கு அவர் எழும்பி வந்தார். பானையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இதென்ன?" என்றார்.

"சோறுதான் பொங்கிறன்," என்றேன்.

"நான் சத்தியம் பண்ணினனானெல்லோ."

"அந்த வீட்டை போகமாட்டன் எண்டுதான் சத்தியம். எங்கட வீட்டிலை பொங்கமாட்டன் எண்டில்லையே."

அவர் பானையைத் துணியால் பிடித்து இறக்கி, கருகினதைக் கிணற்றடியில் கழுவினார். "குசினிக்கை இல்லை. முத்தத்திலை, சூரியன் காணத்தக்கதாய்," என்றார். மூன்று செங்கல் வைத்தார். கோலத்துக்கு அரிசிமா இல்லை. கோதம்ப மாவை எடுத்து நேர்கோடாக நாலு பக்கமும் இழுத்தார். பேனை பிடிப்பதைவிட லேசாக அந்த மாவைப் பிடித்தார். புகை எழும்ப, பக்கத்து வீட்டுச் சிங்கள மனுஷி மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "கின்னக்த நோனா?" என்று பயந்து கேட்டாள். தீப்பிடித்துவிட்டதோ என்று. குண்டு விழுந்த வருஷமல்லவா. "நே, நே, பொங்கல்," என்றேன். அந்தச் சொல்லை உரத்துச் சொன்னபோது ஒரு இடியும் விழவில்லை.

அவர் மூன்று தரம் கையால் அரிசி அள்ளிப் போட்டார். பிறகு, "நீரும் போடும்," என்றார். நானும் போட்டேன். பொங்கி வழிந்தது. நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அந்தச் சிரிப்புக்காக. அது வரவில்லை, தம்பி. உனக்குப் பொய் எழுதமாட்டேன். பத்து வருஷம் பூட்டி வைத்தால் சில கதவு பிறகு திறக்காது. ஆனால் வாழையிலையில் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். "இனிப்புக் கொஞ்சம் காணாது," என்றார். பிறகு விரலை நக்கிக்கொண்டு, "வாற வருஷம் பாப்பம்," என்றார். அந்த 'வாற வருஷம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் ஒரு வருஷம் சந்தோஷமாக இருந்தேன். அடுத்த தையிலும் பொங்கினோம், அப்போது இனிப்புக் காணுமளவுக்கு இருந்தது. அந்த ஆவணியிலேயே அவர் போய்விட்டார். செத்த வீட்டுக்கு வந்த உனக்கு இதைச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். சொன்னால் முதல் பத்து வருஷத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டிவரும் என்று விட்டுவிட்டேன். பிறகு நீ மாற்றலாகி வீட்டோடு வந்த பிறகும் சொல்லவில்லை.

ஆகவே நீ சொன்னது சரி. அவரிடம் நான் கேட்டதை நீ அவளிடம் கேட்காதே. ஆனால் இன்னொன்றையும் பார்த்துக்கொள். சும்மா இருந்துவிட்டால் சரிவந்துவிடும் என்று நினைக்காதே. சரோஜினி விட்டுக்கொடுக்கிற பிள்ளையாக இருந்தால், உனக்குத் தெரியாமலே விட்டுக்கொடுப்பாள், அதுதான் ஆபத்து. நீ அவளிடம் வாயைத் திறந்து கேட்கவேண்டும். உங்கள் வீட்டில் தீபாவளியன்று யார் முதலில் தலையில் எண்ணெய் வைப்பது, வருஷப்பிறப்பன்று மருத்துநீர் யார் கையால் வைத்துக் குளிப்பது, அன்றைக்கு எந்தப் பலகாரம் இல்லாவிட்டால் உனக்கு நாள் விடியாதது போல இருக்கும் என்று கேள். பெரிய விஷயங்களைப் பற்றிப் பெரியவர்கள் சண்டை பிடிப்பார்கள். மனுஷருக்கு உள்ளே நோகிறது இந்தச் சின்ன விஷயங்களில்தான். நீயும் உன்னுடையதைச் சொல்லு. உனக்கும் நத்தார்க் காலையில் கேக்கின் ஓரம் கருகின துண்டுதான் வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சொல்லாமல் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருக்காதே. அந்தப் பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வந்தது.

இப்போது, நான் செய்த ஒரு வேலையைச் சொல்லவேண்டும். கோபிக்காதே. போன செவ்வாய்க்கிழமை நான் வெள்ளவத்தைக்குப் போனேன். சரோஜினியின் வீட்டுக்கு. முன்கூட்டி அறிவிக்கவில்லை. ட்ராமில் கோட்டைக்கு வந்து ரயில் எடுத்தேன். பத்து மணி இருக்கும். அவளுடைய அம்மா கதவைத் திறந்தா. மூக்குக்கண்ணாடி போட்ட மெல்லிய மனுஷி. நான் ஆர் என்று சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தா. உள்ளே வரச்சொல்லிக் கதிரையைக் காட்டினா. இரண்டு பேரும் கோட்டில் வழக்காளியும் எதிராளியும் இருக்கிறதுபோல இருந்தோம்.

கடைசியில் அவதான் தொடங்கினா. "உங்கட மகன் எங்கட பிள்ளையை வேதத்துக்கு மாத்தப்போறார் எண்டு சனம் கதைக்குது."

"எங்கட கோவிலடியிலை, உங்கட பிள்ளை என்ரை மகனுக்குத் திருநீறு பூசிப்போட்டாள் எண்டு கதைக்கினம்," என்றேன்.

"அவள் தனக்கே ஒழுங்காய்ப் பூசிறேல்லை," என்றா அவ.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சிரித்து முடித்துவிட்டு அவ அழுதா. உங்கள் சங்கதி அறிந்த நாள் தொடங்கி அந்த வீட்டிலும் தகப்பன் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழும்பிப் போகிறாராம். நான் ஆறு கிழமையாக என் வீட்டில்தான் இழவு விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோப்பி வந்தது. கோப்பி குடித்ததும் இரண்டு பேருக்கும் தைரியம் வந்துவிட்டது. அதனால் என்ன செய்தோம் தெரியுமா? உங்கள் வருஷத்தைப் பங்கு போடத் தொடங்கினோம். தீபாவளி உங்களுக்கு, நத்தார் எனக்கு என்றேன். அதற்கு அவ, தைப்பொங்கலும் தங்களுக்குத்தான் என்றா. அப்படியென்றால் பாஸ்குவும் எங்கள் கோவில் திருநாளும் எனக்கு என்றேன். வருஷப்பிறப்பில் வந்து முட்டிக்கொண்டோம். "அது எல்லாருக்கும் பொது, காலமை இஞ்சை, மத்தியானம் அங்கை," என்று அவ சொல்ல, "காலமைக் குளிப்பும் இனிப்பும் உங்களுக்கு, மிஞ்சின சோறு எனக்கோ?" என்று நான் கேட்க, மீன் வெட்டுகிறதுபோல வெட்டிக்கொண்டிருந்தோம்.

அறை வாசலில் சரோஜினி வந்து நின்றாள். எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியாது. நான் அவளை அன்றைக்குத்தான் முதலில் காண்கிறேன். நீ சொன்ன அழகெல்லாம் எனக்குத் தெரியவில்லை. அழுது வீங்கின முகம், பின்னலில் பாதி அவிழ்ந்துபோய் இருந்தது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"அம்மா, மாமி, கேக்கிறன் எண்டு கோவிக்காதையுங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் எங்கட வீட்டிலை இருக்கிறது எந்த நாள்?"

அவளுடைய அம்மா கோப்பையைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன். அவள் சொன்னதில் மரியாதைக் குறைவு இல்லை. என்னை மாமி என்று கூப்பிட்டாள். அந்தச் சொல்லை அவளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள்.

திரும்பி வரும் ரயிலில் ஜன்னலோரம் இருந்து யோசித்தேன். நான் கலியாணம் கட்டின நாள் முதல் உன் அப்பா என்னுடைய வீட்டில் விருந்தாளியாகத்தான் இருந்திருக்கிறார். நல்ல விருந்தாளி, போட்டதைச் சாப்பிட்டார், சொன்னதைச் செய்தார். நீங்கள் இரண்டு பேரும் ஒருவர் வீட்டில் மற்றவர் விருந்தாளியாக இருக்கவேண்டாம். எங்கள் வீடுகளிலும் இருக்கவேண்டாம். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போகப்போகிறான் என்று பேப்பரெல்லாம் எழுதுகிறது. மாமிமார் மட்டும் மருமகளின் குசினியை விட்டுப் போகமாட்டார்கள் என்று நாளைக்குச் சிரிப்பார்கள்.

என் மனது முழுதாக மாறிவிட்டது என்று எண்ணாதே. பதிவுக் கந்தோரில் நீ கையெழுத்து வைக்கும்போது எனக்கு நெஞ்சு நோகும். கோவிலில் பீடத்தின் முன்னால் உன்னைப் பார்க்கவேண்டும் என்று நீ பிறந்த நாளிலிருந்து நினைத்திருந்தவள் நான். உங்களுக்காகத் தினமும் செபமாலை சொல்கிறேன், சொல்லிக்கொண்டே இருப்பேன். அதற்கு மட்டும் தடை சொல்லாதே. ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை பதிவுக்கு வருவேன். சரோஜினியின் அம்மா தன் பக்கத்தில் எனக்கு ஒரு கதிரை பிடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறா. என்ன நிறச் சேலை உடுப்பது என்று இரண்டு பேரும் பேசிவிட்டோம். அதில் சண்டை வரவில்லை.

இந்த மார்கழிக்கு நான் பூசணி வெட்டப்போவதில்லை. கேக் போடும் முறை இந்தக் கடிதத்தோடு வேறு தாளில் இருக்கிறது. போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். நத்தாரன்று பூசை முடிந்ததும் வெள்ளவத்தைக்கு வந்து, சரோஜினியின் அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு, மூன்று பேருமாக உங்கள் வீட்டுக்கு வருவோம். அந்த மனுஷனை வரச்செய்வது தன் பொறுப்பு என்று அவளுடைய அம்மா சொல்லியிருக்கிறா. என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்கமாட்டேன். மரக்கறிதான் என்றால் மரக்கறி. சோறு குழைந்தால் குழையட்டும். குசினிப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டேன் என்று சத்தியம் மட்டும் கேட்காதே, அது என்னால் முடியாது. காலமை ஒன்றும் வாயில் வைக்காமல், நல்ல பசியோடு வருவேன்.

அன்புடன்,
அம்மா